கூரை கழற்றிய வீடு

கல்குடா வீதி,
வாழைச்சேனை.
1997 புரட்டாதி

அன்பு மகள் வசந்தமலருக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் தங்கச்சியும் இந்த நிமிடம் வரைக்கும் சுகம், நீயும் மருமகனும் பேரப்பிள்ளையும் அந்தக் குளிருக்குள் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டுமென்று கண்ணகை அம்மனுக்கு நேர்ந்துகொண்டு தொடங்குகிறேன். இங்கே தபாலில் போட்டால் ஆமி பிரித்துப் படிக்கும் என்று இதைப் போடவில்லை, கொழும்புக்குப் போகிற தங்கராசா மாஸ்டரிடம் கொடுத்து அங்கிருந்து போடச் சொல்லியிருக்கிறேன், அதனால்தான் மறைக்காமல் எழுதுகிறேன்.

வீட்டுவேலை எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டிருந்தாய். தொண்ணூறில் நாங்கள் ஓடித் திரும்பியபோது கதவும் யன்னலும் இல்லாமல் கிடந்ததை நீயும் பார்த்தாய்தானே, தங்கச்சிக்குக் கலியாணம் தையில் என்றதும் மாப்பிள்ளை வந்து இருக்கப்போகிற வீட்டை அப்படியே விடமுடியாது என்று அப்பா நின்றார். ஓட்டமாவடி உசனார் மேசனைத்தான் பிடித்தோம். தொண்ணூறுக்குப் பிறகு முஸ்லிம் ஆள் நம்ம தமிழ்ப் பக்கம் வேலைக்கு வருவதென்றால் அவருக்கும் பயம், கூப்பிட்ட எங்களுக்கும் பயம், பொழுது சாய முதல் அப்பா சைக்கிளில் கூடப்போய் சந்தி தாண்ட விட்டுவிட்டு வருவார். முதலில் தங்கச்சியின் அறை, சுவரில் துவக்குச் சூடு பட்ட ஓட்டைகளை எல்லாம் பூசி இளம்பச்சை அடித்தோம். பிறகு குசினி, பிறகு ஹோல். ஹோலுக்குச் சிவப்புச் சீமெந்து போட்டது, தங்கச்சி முழங்காலில் இருந்து தேங்காய்ப் பொச்சால் தேய்த்துத் தேய்த்து மினுக்கினாள், பாட்டுக்கூடப் பாடினாள், அவள் பாடி நான் கேட்டுக் கனகாலம். எனக்கு மட்டும் பயம், அயல் வீடுகள் எல்லாம் கறுத்துக் கிடக்க எங்கள் வீடு மட்டும் வீதியில் போகிறவன் கண்ணில் படுமே என்று. முன்சுவருக்குப் பெயின்ற் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், "மாப்பிள்ளை ஊட்டுக்காரர் பாசி புடிச்ச சுவரையா பாக்க வாற" என்று அப்பா அடிக்க வைத்துவிட்டார்.

அடித்து ஒரு கிழமை ஆகவில்லை, ஒருநாள் காலையில் சந்திக் காவலரணில் இருந்து ஆமிக்காரர் வந்தார்கள். முன்னுக்கு வந்தவன் ஒரு சின்ன அதிகாரி, நம்ம மருமகனிலும் இளையவன், கொஞ்சம் தமிழ் பேசுவான். சப்பாத்தோடு அறை அறையாகப் போனான். தங்கச்சி குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றாள், அவளுடைய கட்டிலில் அவன் கையை வைத்து அமத்திப் பார்த்ததைக் கண்டதும் நான் குசினிக் கதவை மறைத்துக்கொண்டு நின்றேன். "வீடு நல்லம் அம்மா, எத்தன பேர் இருக்கிற" என்று கேட்டான். மூன்று பேர் என்றேன். மூன்று பேருக்கு இது பெரிசு என்றான், வெள்ளிக்கிழமை பெரியவரைக் கூட்டிவந்து காட்டுவதாகச் சொல்லிவிட்டுப் போனான். இப்படி வந்து பார்த்துவிட்டுப் போன வீடுகளில் இப்போது ஆமி இருந்து மண்மூட்டை அடுக்கியிருக்கிறது மகள், வீட்டுக்காரர் கோயில் மடத்தில் சமைக்கிறார்கள்.

அன்று அப்பா சோற்றில் கை வைக்கவில்லை. "தரமாட்டம் எண்டு சொல்லுவம்" என்றார், கொஞ்ச நேரத்தில் தானே "ஆருக்குச் சொல்லுற" என்றார். நான்தான் சொன்னேன், கூரையைக் கழற்றுவோம், மேலே ஒன்றும் இல்லாத வீட்டில் எவனும் வந்து இருக்கமாட்டான் என்று. எழுபத்தெட்டுப் புயல் கொண்டுபோன கூரையை ஆளோடு ஆளாக நின்று திரும்ப ஏற்றியவர் அப்பா, எனக்கு விசர் பிடித்துவிட்டது என்று ஏசினார். தங்கச்சிதான் அழுகையை அடக்கிக்கொண்டு "அம்மா சொல்றது சரி அப்பா, ஊடு இருந்தாக் கூரையப் பிறகு மேயலாம்" என்றாள். மறுநாள் உசனார் மேசனிடம் சொன்னோம். "அக்கா, கட்டத்தானே என்னக் கூப்பிட்டீங்க" என்று சொல்லிக்கொண்டே ஏணியைச் சாத்தினார். விறாந்தை, ஹோல், தங்கச்சியின் அறை மூன்றுக்கும் கூரை ஓடுகளை இறக்கி, அதைத் தாங்கின சிலாகை மரங்களைக் கழற்றி முற்றத்தில் எறிந்து, மினுக்கின நிலத்தில் ஓட்டுத்தூளும் மண்ணும் நாங்களே கொட்டினோம். குசினிக்கும் பின்னறைக்கும் மட்டும் கூரையை விட்டோம்.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். பெரியவர் ஹோலுக்குள் வந்து அண்ணாந்து வானத்தைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார், சின்னவன் என்னைப் பார்த்தான். "சிலாகையெல்லாம் செல்லரிச்சுப் போச்சு சேர், மாத்த மரம் கிடைக்கல்ல" என்றேன். அவன் முற்றத்துக்குப் போய் ஒரு சிலாகையைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதில் செல்லரித்த இடம் ஒன்றும் இல்லை மகள், வைரம் பாய்ந்த மரம். உசனார் மேசன் சுவரோடு ஒட்டி நின்று வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார். சின்னவன் மரத்தைக் கீழே வைத்தான், பெரியவரிடம் சிங்களத்தில் சுருக்கமாக ஏதோ சொன்னான், அவர் திரும்பி நடந்தார். கடைசியாகப் போகும்போது அவன் என்னிடம் "மழ வர முந்தி கூர போடுங்க அம்மா" என்றான். இரங்கிச் சொன்னானா, போட்டால் வருவேன் என்று சொன்னானா, எனக்கு இன்றுவரைக்கும் தெரியவில்லை.

அடுத்தநாள் அவர்கள் பேர்னிஸ் ரீச்சரின் வீட்டை எடுத்துவிட்டார்கள். புருசன் கிளரன்ஸ் கண்ணை மூடின பிறகு தனியே இருந்த மனிசி, நமக்கு இரண்டு வளவு தள்ளி. தையல் மெசினையும் ஒரு சூட்கேசையும் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நேரே எங்கள் வாசலுக்குத்தான் வந்தார். எனக்கு முகத்தைப் பார்க்க முடியவில்லை. "உங்கட ஊட்ட எடுத்திருந்தா நீங்க என்ட ஊட்டுக்குத்தானே வந்திருப்பீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து அடுப்பில் தண்ணீர் வைத்தார். இப்போது பின்னறையில் நாலு பேர் படுக்கிறோம்.

மாரி வரப்போகிறது. போட்டால் ஆமி வரும், போடாவிட்டால் சுவர் ஊறி விழும், அப்பா இறக்கின ஓடுகளை அடுக்குவதும் குலைப்பதுமாகத் திரிகிறார். வீதியில் வாகனம் மெதுவாகப் போனால் எல்லோரும் பேச்சை நிறுத்துகிறோம். கலியாணத்தைக் கோயிலில் வைத்துக்கொண்டு பின்னறையில் இருக்கத் தங்கச்சி சம்மதித்துவிட்டாள், மாப்பிள்ளையும் நல்ல பிள்ளை, சரி என்றுவிட்டார்.

நீ தையில் பிள்ளையோடு வருவதாக எழுதியிருக்கிறாய். வரவேண்டாம் மகள். ஏழு வருடமாகக் காணாத பிள்ளையைப் பெற்றவள் தடுக்கிறாளே என்று நினைக்காதே. வெளிநாட்டிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்றால் ஆமியும் இயக்கமும் இரண்டு பக்கத்தாரும் வந்து விசாரிப்பார்கள், இரண்டு வளவுக்கு அப்பால் ஆமி துவக்கோடு நிற்கிறது, உன்னையும் அந்தக் குஞ்சையும் நான் எந்த அறையில் வைத்துக் காப்பேன். தங்கச்சிக்கு இதை நான் சொல்லவில்லை, நீ வருவாய் என்றுதான் இருக்கிறாள். லீவு கிடைக்கவில்லை என்று நீயே அவளுக்கு எழுது. கோபித்தால் உன்னைக் கோபிக்கட்டும், ஆறிவிடும்.

பிள்ளைக்குத் தலை ஈரத்தோடு வெளியே போகவிடாதே. தபாலில் எழுதும்போது வீட்டைப்பற்றி ஒரு எழுத்தும் வேண்டாம், சுகம் மட்டும் எழுது. அம்மன் உங்கள் மூன்று பேருக்கும் நீண்ட ஆயுளையும் பயமில்லாத நித்திரையையும் தரட்டும்.

உன்னைக் காணத் தவிக்கிற
அம்மா
வி. சீதேவிப்பிள்ளை