தொட்டி கழுவத் தொண்ணூறு நிமிடம்

மார்ச் 3, செவ்வாய்

எந்த பெயிண்ட், எந்த வரிசையில், எத்தனை மணிக்கு என்று தினமும் எக்செல்லில் ஒட்டுப்போட்டு அலுத்துவிட்டது. இனிமேல் கணினியே கணக்குப் போட்டு அட்டவணை தரும் என்று மேனேஜரிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். கொட்டாவி விட்டார். ஆர்டர் தாமதமாவது குறையும் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மார்ச் 5

கலவைப் பிரிவுக்குப் போய் ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நேரத்தைக் கேட்டேன். அங்கே இரண்டாம் ஷிப்டுக்குப் பொறுப்பு என் மனைவி. கறுப்பு ஓட்டிய தொட்டியைக் கழுவி வெள்ளைக்குத் தயாராக்க எவ்வளவு நேரம்?

"தொண்ணூறு நிமிஷம்," என்றாள், கண்ணைக்கூட இமைக்காமல்.

எழுதிக்கொண்டேன். சொந்த மனைவியிடம் சாட்சி கேட்கவா முடியும்?

மார்ச் 10

முதல் ஓட்டம். செலவு மிகக் குறைவான திட்டம் என்று கணினி சொன்னது: எதையும் தயாரிக்காமல் இருப்பது. ஆர்டரை முடித்தே ஆக வேண்டும் என்று எழுத மறந்திருக்கிறேன். நல்லவேளை, மேனேஜர் பார்க்கவில்லை.

மார்ச் 16

வெற்றி. நேரத்தைத் தின்பது கழுவல்தான் என்று கண்டுபிடித்து, ஒரே நிறத்தை நாள்கணக்கில் ஓட்டச் சொல்கிறது. தினம் மாலை ஒரு கழுவல் என்பது போய், வாரத்துக்கு ஒன்று, அதுவும் காலை ஷிப்டில். மேனேஜர் என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார். இன்றே அமல்.

மார்ச் 18

வழக்கம்போல் நாலரைக்கு டீயோடு ஆலையின் பின்கட்டில் மனைவிக்காகக் காத்திருந்தேன். இன்றும் அவள் வரவில்லை. மூன்றாவது நாள்.

அவளுக்கு இரண்டு முதல் பத்து, எனக்கு ஒன்பது முதல் ஆறு. நான் கிளம்பும்போது அவள் தூக்கம். அவள் திரும்பும்போது நான். இருவரும் முழித்திருந்து முகம் பார்ப்பதே அந்த டீ நேரத்தில்தான். கோபமா? என்ன செய்தேன் நான்?

மார்ச் 19

பெயிண்ட் கலக்கும் மிக்சர் பக்கமே போய்க் கேட்டேன்.

"எப்படி வர்றது, பிளானிங் சார்? மிஷின் ஓடுறப்ப ஒருத்தர் மாத்தி ஒருத்தர் அஞ்சு நிமிஷம்தான் நகரலாம். தொட்டி கழுவுறப்பத்தான் எல்லாருக்கும் மூச்சு."

"கழுவுற வேலை இருக்குமே?"

"அது அம்பது நிமிஷத்துல முடிஞ்சுடும்."

"மீதி நாப்பது?"

"எந்த நேரத்துல உங்களோட டீ குடிச்சேன்னு நினைச்சீங்க?"

எனக்கு நானே ஆப்பு வைத்துக்கொண்டிருக்கிறேன். அதுவும் கணித நிரூபணத்தோடு.

மார்ச் 20

தொண்ணூறை விட்டுவைத்தால் திட்டமே பொய். ஐம்பது என்று திருத்தினால் அந்த நாற்பது நிமிடமும் மேனேஜர் கைக்குப் போய்விடும் — டீ அவ்வளவுதான். அவளையும் மாட்டிவிட்டதாகும். என்னடா செய்யப் போற?

மார்ச் 23

அவளிடம் சம்மதம் கேட்டுவிட்டே மேனேஜர் அறைக்குப் போனேன். கழுவ ஐம்பது நிமிடம் போதும். ஆனால் தினமும் நாலரைக்கு மிக்சர் இருபது நிமிடம் நிற்கும், இது மீறக்கூடாத நிபந்தனை என்றேன். முறைத்தார். ஓட்டிக் காட்டினேன். கழுவும் நேரம் குறைந்ததால் கணினி நிறத்தை அடிக்கடி மாற்றியது. வரிசையில் பின்னால் கிடந்த சின்ன ஆர்டர்கள் முன்னால் வந்தன. தாமதமாகும் ஆர்டர் ஒன்பதிலிருந்து இரண்டு.

"இருபது நிமிஷம்தானே, கொடுங்க," என்றார்.

மார்ச் 24

நாலரைக்கு மிக்சர் நின்றது. அவள் வந்தாள். பின்னாலேயே கலவைப் பிரிவு மொத்தமும், ஆறு பேர், ஆளுக்கொரு டீயோடு வந்து உட்கார்ந்தது. எல்லோருக்கும் ஒரே நேரம் என்று எழுதியவன் நான்தானே.

எங்களுக்கு நடுவே மூன்று பேர். பிஸ்கட் பாக்கெட் கைமாறி என்னிடம் வந்தபோது காலி.

"நல்லா பிளான் பண்ணியிருக்கீங்க," என்றாள் அந்தக் கோடியிலிருந்து, சிரித்துக்கொண்டே. அவள் சிரித்துப் பார்த்து எட்டு நாளாகிறது.