பதினொரு பூஜ்யங்கள்

ஜனவரி 8, புதன்

ஜெயித்தாச்சு. நான் காட்டிய மூன்றாவது வரைபடத்திலேயே மேனேஜர் லக்ஷ்மிநாராயணன் சார் தலையாட்டிவிட்டார். பொங்கல் லீவு முடிந்ததும் எங்கள் கம்பெனி பஸ் சிட்லபாக்கத்துக்குள் நுழையாது. தாம்பரத்தில் கிளம்பினால் மெயின் ரோட்டிலேயே கேளம்பாக்கம் ஆபீஸ். சிட்லபாக்கம் நிறுத்தத்தில் நாளுக்குச் சராசரி நான்கு பேர்கூட ஏறுவதில்லை என்று காட்டினேன். "டேட்டா பேசுதுப்பா" என்றார் சார். சுற்று குறைவதால் பஸ் தாமதமாகக் கிளம்பும்; தாம்பரத்தில் ஏறும் எனக்குக் காலையில் பதினெட்டு நிமிடத் தூக்கம் மிச்சம்.

ஜனவரி 20, திங்கள்

நன்றாகத் தூங்கினேன்.

ஜனவரி 22, புதன்

அக்கவுன்ட்ஸ் சந்திரிகா அக்கா கேன்டீனில் பிடித்துக்கொண்டார். சிட்லபாக்கத்தில் ஏறுபவர்.

"முகிலா, உன் படத்துல எங்க ஸ்டாப் தரையோட தரையா கிடக்கே, அது எந்த நாளு?"

டிசம்பர் என்றேன்.

"அப்போ ஏரி ரோட்டுல முழங்கால் தண்ணி. பஸ்ஸே உள்ள வரல. வராத பஸ்ல எப்படிடா ஏறுவோம், நீந்தியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மெயின் ரோட்டுல, கேம்ப் ரோட்டு ஸ்டாப்ல ஏழரைக்கு பஸ். எங்க தெருவுக்குப் பாப்பாவோட ஸ்கூல் வேன் வர்றது ஏழேகாலுக்கு. முன்ன அவள ஏத்திட்டு அங்கயே நம்ம பஸ்ஸப் பிடிப்பேன்; இப்ப கேம்ப் ரோட்டுக்கு நடக்கவே அரை மணி. அவள யார்கிட்ட விட்டுட்டு வர்றது?"

கை கழுவப் போய்விட்டேன்.

ஜனவரி 23, வியாழன்

அக்காவுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. எனக்கு அப்போதே தெரியும். தண்ணீர் நின்ற அந்தப் பதினொரு நாளும் அதே பஸ்ஸில்தானே போனேன்? ஏரிப் பக்கம் திரும்பவில்லை என்று சந்தோஷப்பட்டவன் நான். எக்செல்லில் அந்தக் கட்டங்கள் காலியாகத்தான் இருந்தன. பூஜ்யம் போட்டு நிரப்பியது நான். மூன்று மாதக் கணக்கு கையில் இருக்க, டிசம்பரின் இருபத்தொரு வேலைநாளை மட்டும் பொறுக்கி எடுத்தது? அதுவும் நான்தான். கவனக்குறைவுன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. ஏன்டா செஞ்ச — தூக்கத்துக்கா? ச்சீ.

ஜனவரி 27, திங்கள்

சாரிடம் இன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

சாரிடம் சொல்லிவிட்டேன். பஸ் உள்ளே போன நாட்களின் சராசரி எட்டு.

"விடுப்பா. இப்ப கிளறினா என்னையும்ல கேப்பாங்க."

"பூஜ்யம் போட்டது நான்னே எழுதிடறேன் சார்."

எல்லோருக்கும் மெயில் அனுப்பினேன். பக்கத்து சீட் வெற்றிவேல் படித்துவிட்டுத் திரும்பினான். "மச்சான், எங்க டீம் நம்பரும் நீ போட்டதுதானே? அதுல எத்தனை காலிக் கட்டத்த நிரப்பின?"

அதில் நான் எதையும் நிரப்பவில்லை. சொன்னால் நம்புவானா?

பிப்ரவரி 24, திங்கள்

பஸ் மறுபடி சிட்லபாக்கத்துக்குள் திரும்பியது. ஏழு பேர் ஏறினார்கள். சந்திரிகா அக்கா வெள்ளிக்கிழமையோடு வேலையை விட்டுவிட்டார். ஜனவரி முப்பதிலேயே ராஜினாமா கொடுத்திருக்கிறார். நான் வாய் திறக்காமல் இருந்த வாரம்.

நிறுத்தம் திரும்ப வந்ததை நல்ல செய்தியாக ஒரு படம் போடச் சொன்னார் சார். முன்பு எட்டு, இப்போது ஏழு என்று போட்டேன்.

"எட்டு எதுக்குப்பா? ஏழு மட்டும் போதும், நல்லா இருக்கும்."

எட்டை எடுக்கவில்லை. படத்தின் அடியில், குறைந்த ஒருவர் என்று அக்காவின் பெயரை எழுதினேன். அதன் கீழே 'காரணம்' என்று போட்டு, என் பெயர்.