குமரனுக்கு ஒரு கெட்ட ஜாதகம்

வண்ணார்பேட்டை
12.2.1996

அன்பு மருமகள் சித்ரலேகாவுக்குத் தாய்மாமன் ஐயம்பெருமாள் ஆசி கூறி எழுதுவது. இங்கு நான், உன் அத்தை ஞானம்பாள், பாத்திரக்கடை எல்லாரும் சுகம்.

கடல் கடந்து போய் நீ வேலை பார்க்கும் யுனிவர்சிட்டியில் நீ கையெழுத்துப் போடாமல் முப்பதாயிரம் மாணவர்களில் ஒருத்தனும் பரீட்சை எழுத முடியாது என்று நேற்று கடையில் சொன்னேன். பக்கத்துக் கடை அகமது மீரான், "அண்ணாச்சி, போன மாசம் இருபதாயிரம்னீரு" என்றான். "இந்த மாசம் பத்தாயிரம் சேந்துருக்குவே" என்றேன்.

ஆணை விரும்பும் பையன்களும் பெண்ணை விரும்பும் பெண்களும் ஆறுதல் தேடி வரும் ஆபீஸ் என்று நீ எழுதியதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

சந்தோஷ சமாச்சாரம்: என் மகன் குமரகுருபரனுக்கு வைகாசியில் கல்யாணம். பெண், சேரன்மகாதேவி தாணுமாலையன் மகள். வெற்றிலை மாற்றியாயிற்று. மாப்பிள்ளை ஜாதகத்தில் ராஜயோகம் என்று நான் எடுத்துவிட்டதில் தாணுமாலையன் எழுந்து நின்று கும்பிட்டார். பையன்தான் சரியாகச் சாப்பிடுவதில்லை. பேங்கில் வேலை அதிகம்.

உன் மாமன்
ஐயம்பெருமாள்


1.3.1996

அன்புள்ள மாமா,

குமரன் எனக்கும் எழுதுகிறான். என்ன எழுதினான் என்று சொல்ல மாட்டேன். என் அறைக்கு வருகிற பிள்ளைகள் சொல்வது அந்த அறையைத் தாண்டாது. இந்த வேலையில் எனக்குச் சொல்லித்தந்த முதல் விதி அது.

ஆனால் அவன் சாப்பிடாததற்குக் காரணம் பேங்க் இல்லை, மாமா. அத்தை இல்லாத நேரமாகப் பார்த்து அவனிடமே கேளுங்கள். அவன் சொல்லி முடிக்கும்வரை தயவுசெய்து நீங்கள் பேசாதிருங்கள். அவனைத் தனியாக விடாதீர்கள். கல்யாண வேலை எதையும் தொடாதீர்கள்.

நாலு நாளாக உங்கள் கடைக்குப் போன் போடுகிறேன். கிடைக்கவில்லை.

சித்ரா


வண்ணார்பேட்டை
20.3.1996

சித்ரா,

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே அவன் குறுக்குத்துறையில் ஆற்றில் இறங்கிவிட்டான். படித்துறையில் துவைத்துக்கொண்டிருந்த சுடலைக்கண்ணு பார்த்து, முடியைப் பிடித்து இழுத்துப் போட்டார். உயிர் இருக்கிறது. முதலை இழுத்தது என்று ஊரில் சொன்னேன். பதினோரு அடி முதலை. இப்போது அங்கே யாரும் குளிக்கப் போவதில்லை.

ஆஸ்பத்திரியில் நீ சொன்னபடி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அவன் எல்லாம் சொன்னான். கடைசியில், "கடையில குடத்தைச் சுண்டிப் பாத்தே ஓட்டைன்னு கண்டுபிடிப்பீயளே அப்பா, என்னைய ஒருநாளும் சுண்டிப் பாக்கலியா?" என்றான்.

தாயி, மருந்து அனுப்பு. இதற்கென்றே ஆபீஸ் வைத்திருக்கிறீர்கள், மாத்திரையோ ஊசியோ இல்லாமலா இருக்கும்? வைகாசிக்கு முன்னால் வந்து சேர வேண்டும். உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

மாமன்


8.4.1996

மாமா,

மருந்து இல்லை. வியாதி இல்லை. குடத்தில் ஓட்டையும் இல்லை.

என் அறையில் இருப்பது இரண்டு நாற்காலி, டீ போட ஒரு கெட்டில், சாத்திக்கொள்ள ஒரு கதவு. வருகிறவர்கள் சொல்வதைக் கேட்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் எல்லாரையும் கூட்டி ஒரு படம் போட்டுச் சாப்பாடு போடுகிறேன். தனியாக இல்லை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். கேட்டுக்கொண்டால் அவர்கள் வீட்டுக்குப் போன் செய்கிறேன். அநேகமாக அப்பாக்கள் போனை வைத்துவிடுகிறார்கள்.

நீங்கள் வைக்கவில்லை. வைத்துவிடாதீர்கள்.

இந்தக் கல்யாணத்தை அவன் தாங்க மாட்டான். ஒன்றும் அறியாத அந்தப் பெண்ணின் வாழ்க்கையும் போகும். எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. நிறுத்துங்கள்.

சித்ரா


வண்ணார்பேட்டை
6.5.1996

சித்ரா,

நிறுத்திவிட்டேன்.

சேரன்மகாதேவிக்குப் போய், நான் கொடுத்தது பொய் ஜாதகம் என்றேன். நிஜ ஜாதகப்படி இவன் கையால் தாலி வாங்குகிறவள் வருஷம் திரும்ப இருக்க மாட்டாள் என்று ஏழு ஜோசியர்கள் சொன்னதாகச் சொன்னேன். ஏழாவது ஆள் தட்சணைகூட வாங்காமல் எழுந்து ஓடினார் என்று சேர்த்துக்கொண்டேன்.

"எம் பிள்ளையச் சாகக் குடுக்கவாவே என்னையக் கும்பிட வச்சீரு?" என்று தாணுமாலையன் வெற்றிலைத் தட்டை எறிந்தார். என் நெற்றி கிழிந்தது. சேதி ஆற்றங்கரை முழுக்கப் பரவிவிட்டது. இனி எந்த ஊரிலும் குமரனுக்குப் பெண் தரமாட்டார்கள். கடைக்கும் ஆள் வருவதில்லை. இந்தப் பொய்யன் விற்பது பித்தளைதானா என்று கேட்கிறார்களாம்.

அதெல்லாம் போகட்டும். அன்று, உன் அத்தை தடுப்பாளே என்று, "முகூர்த்தம் பேசி முடிச்சுட்டு வாரேன்" என்று வாசலில் நின்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். குமரன் உள்ளே கேட்டுக்கொண்டிருந்தான்.

ரத்தத்தைத் துண்டால் அமுக்கிக்கொண்டு அவனிடம் சொல்ல ஓடிவந்தேன். அவன் இல்லை.

சுடலைக்கண்ணு ஆட்களோடு ஆற்றில் சீவலப்பேரிவரை தேடினார். இல்லை. அவன் பையும் இரண்டு சட்டையும் வீட்டில் காணோம். பம்பாய்க்கு ரயில் ஏறியிருப்பான் என்கிறான் மீரான். மீரானுக்குப் பொய் சொல்ல வராது. அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

அவன் எழுதினால் உனக்குத்தான் எழுதுவான். கல்யாணம் இல்லை, அப்பா ஜாதகத்தைக் கெடுத்துவிட்டார், இனி யாரும் கேட்டு வரமாட்டார்கள் என்று அவனுக்குச் சொல்.

உன் விதி எனக்குத் தெரியும். அவன் என்ன எழுதினான் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். எங்கே இருக்கிறான் என்றும் வேண்டாம். எழுதினான் என்றால், என் விலாசம் போட்டு ஒரு வெறும் உறையை ஒட்டி அனுப்பு. போதும்.

உள்ளே என்ன இருந்தது என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

ஐயம்பெருமாள்