என் முழங்காலை விசாரிக்காதே

அன்புள்ள மகன் அறிவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. முண்டகக்கண்ணி அம்மன் புண்ணியத்தில் இங்கே நானும் உன் தங்கச்சி அன்புக்கரசியும் அவள் மகளும் நல்லபடியாக இருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் அந்தக் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும். போனில் பேசலாம் என்றால் அன்பு பக்கத்திலேயே உட்கார்ந்து ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், அதனால்தான் எழுதுகிறேன். அவள் நடத்துகிற கம்ப்யூட்டர் கிளாஸில் பாடம் எடுக்கிற சகினா இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள், அன்புக்குத் தெரியாது.

வருகிற வெள்ளிக்கிழமை அவள் பள்ளிக்கூடத்து வேலையை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வரப்போகிறாள். உங்கள் கம்பெனி ப்ரோக்ராமைச் சொல்லிக்கொடுக்க மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்தில் சாயங்காலம் மட்டும் நடத்துகிற கிளாஸை அடையாறிலும் திறந்து அதையே முழுநேரமாகப் பார்க்கப் போகிறாளாம். புருஷன் இல்லாத பெண், பிள்ளையை வைத்துக்கொண்டு, நிரந்தர வேலையை விடுகிறாள், எல்லாம் உன் வார்த்தையை நம்பித்தான். போன தடவை வந்தபோது பாண்டி பஜாரில் ஜூஸ் குடித்துக்கொண்டே சொன்னாய், எங்க கம்பெனி ப்ரோக்ராம் இல்லாம உலகத்துல ஒரு ஆபீசும் ஓடாது, தைரியமா செய் என்று. நீ போட்டிருந்த சட்டை வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இப்போது கிளாஸுக்கு ஆள் குறைகிறது. ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை வைத்திருக்கிற ஷாஹுல் ஹமீது பாய் வருஷாவருஷம் தன் ஆட்களைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போடப் படிக்க அனுப்புவார், இந்த வருஷம் யாரும் வரவில்லை. நானே போய்க் கேட்டேன். "இன்னாத்துக்கும்மா படிக்கணும், வாயால சொன்னா கம்ப்யூட்டரே கணக்கப் போட்டுக் குடுக்குது, அது எந்தக் கம்பெனிதுன்னு யாரு பாத்துக்கினு கீறாங்க" என்றார். உங்கள் கம்பெனியும் இப்போது அந்தப் பக்கமே தாவிவிட்டது, பழசை அப்படியே விட்டுவிடும் போலிருக்கிறது என்கிறாள் சகினா.

ஞாயிற்றுக்கிழமை அன்பு உன்னிடம் இதைத்தான் கேட்டாள். அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கு என்றாய். அவள் தெம்பாகிவிட்டாள், நான் எழுதக் காகிதம் தேடினேன். முன்னே உன் கம்பெனி செல்போன் தயாரித்து விற்றதே, எல்லாத்தையும் இது தூக்கிச் சாப்பிடும் என்று சொல்லி உன் அப்பாவை வாங்க வைத்தாய், அவரும் தெருவெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தார், அப்புறம் கம்பெனி அதைக் கைகழுவியது. இனிமே இது எதுக்கும் உதவாது பெருசு என்று ரிப்பேர் கடைக்காரன் சிரித்தான், அவர் முகம் சுருங்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன், அந்தக் கடை வாசலை இன்றுவரை நான் மிதிக்கவில்லை. அதற்கு முந்தின மாசம், கம்பெனி இதை விட்டுடுமாடா என்று அவர் உன்னைக் கேட்டபோதும் நீ என் முழங்காலைத்தான் விசாரித்தாய்.

கம்பெனி ரகசியத்தை நான் கேட்கவில்லை. வாய் திறக்க மாட்டேன் என்று அங்கே கையெழுத்துப் போட்டிருந்தால் திறக்காதே. ஆனால் ஒண்ணும் ஆகாது என்று சொன்னாயே, அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள். எனக்கே நிச்சயமா தெரியலை, வேலையை விடாதே என்று அன்புவிடம் உன் வாயால் சொல். அதையே நான் சொன்னதற்கு, நீ எதுக்கெடுத்தாலும் பயப்படுவே என்று எழுந்து போய்விட்டாள். உன் வேலைக்கே ஏதாவது என்றாலும் எங்களிடம் மறைக்காதே, நீ படுத்த இடம் இங்கே அப்படியேதான் இருக்கிறது.

அம்மன் உன்னையும் மருமகளையும் காப்பாற்றட்டும், நேரத்துக்குச் சாப்பிடு. வியாழக்கிழமைக்குள் அன்புவைக் கூப்பிடு. அப்போது என் முழங்காலைப் பற்றி மட்டும் கேட்காதே, அது வலித்துக்கொண்டுதான் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா தாயம்மா
மயிலாப்பூர்