நம் வீட்டுக் கை

அன்புள்ள பாண்டிமுருகனுக்குச் சித்தி காளீஸ்வரி எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தங்கச்சி மஹாலட்சுமியும் சுகமாக இருக்கிறோம், மஸ்கட் வெயிலில் உன் உடம்புக்கு ஒன்றும் வந்துவிடக்கூடாது என்று காளையார்கோவில் போகும்போதெல்லாம் காளீஸ்வரர் காதில் போட்டுவிட்டுத்தான் வருகிறேன். தினமும் வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்கிறோமே, இவள் எதற்குப் பக்கம் பக்கமாக எழுதி அனுப்புகிறாள் என்று நினைப்பாய், மன்னித்துக்கொள். போன் அப்பாவிடமிருந்து என் கைக்கு வந்தால் சாப்பிட்டாயா என்பதற்கு மேல் எனக்கு வாய் வருவதில்லை. எங்கள் வீட்டில் முதல்முதலாகப் பட்டம் வாங்கியவள் என்று பெயர்தான், நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசுவதென்றால் பேனாதான் வேண்டியிருக்கிறது. லீவு முடிந்து காளிராஜ் அண்ணன் புதன்கிழமை அங்கே வருகிறார், சீப்புச் சீடையும் பருப்புப் பொடியும் கட்டிக் கொடுக்கிறேன், அதோடு இதையும் வைக்கிறேன். வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதானே, அன்றைக்குப் படி. வரும் ஞாயிற்றுக்கிழமை நம் புட்பால் கிளப்பை மில் முதலாளியிடம் கொடுத்துவிடலாமா வேண்டாமா என்று கண்மாய்க்கரையில் கூட்டம் வைத்திருக்கிறார்கள், அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

அப்பா போனில் ஜெயிச்சாச்சு, தோத்தாச்சு என்று மட்டும்தான் சொல்லுவார், நடுவில் நடந்ததெல்லாம் உனக்குத் தெரிந்திருக்காது. நீ கோல்கீப்பராக நின்றபோது மாவட்ட லீக்கில் கடைசிப் பிரிவில் கடைசி இடம், நாம் வேனிலிருந்து இறங்கும்போதே எதிர் அணிக்காரர்கள் சிரிப்பார்கள். இப்போது நாம் முதல் பிரிவு. இன்னும் எனக்கே நம்பிக்கை வரவில்லை. நம் கிரவுண்டே கண்மாய்க்குள்தானே, தண்ணீர் வந்துவிட்டால் மில்லின் நெல் காயப்போடும் சிமெண்டுக் களத்தில்தான் பழகினார்கள், முழங்காலில் தோல் உள்ள பையன் ஒருத்தன் இல்லை. பெண்கள் ஆட்டம் பார்க்க வருவது நீ இருந்தபோது கிடையாது, இப்போது கரை முழுக்க நாங்கள்தான். லீக்கிலிருந்து விதிகள் இங்கிலீஷில் வந்தன, படித்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள், நான் ஆப்சைடு என்றால் என்ன என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கு மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன், ஒருத்தருக்கும் விளங்கவில்லை. இட்லிக்கடை சோலையம்மாள் அக்கா கேட்டுவிட்டு, "அட இம்புட்டுத்தானா, இலை போடுறதுக்கு முன்னாடியே பந்தியில போயி உக்காந்திருக்கான்டி, எந்திரிச்சு வாடாங்குறாரு ரெப்ரி" என்றார். அதிலிருந்து கொடி தூக்கினால் கரையிலிருந்து எல்லாரும் "பந்தி, பந்தி" என்று கத்துகிறார்கள். லைன்ஸ்மேன் அது வசவா பாராட்டா என்று தெரியாமல் விழிப்பதைப் பார்க்க வேண்டும்.

தலைக்கட்டு வரி போட்டுக் கோவில் திருவிழா நடத்துகிற மாதிரியே கிளப்பை நடத்துவது என்று நீ இருக்கும்போதே ஆரம்பித்ததுதானே. வீட்டுக்கு ஒரு மரக்கால் நெல் வரி, வீட்டுக்கு ஒரு கை, கூட்டத்தில் எதற்கும் கை தூக்கித்தான் முடிவு. ஒவ்வொரு ஆட்டமும் ஒரு வீட்டு மண்டகப்படி, வேன், சாப்பாடு, எலுமிச்சைத் தண்ணீர் எல்லாம் அந்த வீட்டுப் பொறுப்பு. கோவிலில் தாலியறுத்த பெண்களுக்கு அரை வரி, அதனால் கூட்டத்தில் பேச்சில்லை, அதை அப்படியே இங்கேயும் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். நீ மஸ்கட் போன வருஷமே சோலையம்மாள் அக்கா கரையேறி வந்து கருத்தையா மாமா முன்னால் முழு மரக்கால் நெல்லைக் கொட்டிவிட்டு, "அரை வரின்னா நான் அரை கோல்தான் பாக்கணுமா? பந்து பாதி உள்ள போனதும் கண்ண மூடிக்கிறவா?" என்று கேட்டார். மாமா தலைவர் என்று பேர், அவர் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டும்போது பேசுகிற பேச்சில் கால்வாசிகூட அன்றைக்கு வரவில்லை. "சரித்தா, சரித்தா, நீயும் தூக்கு" என்று சொல்லிவிட்டார். யார் பேர் கொடுத்திருக்கிறதோ அவர் கை, அவர் ஊரில் இல்லாவிட்டால் அவர் வாயால் யாரைச் சொல்கிறாரோ அவர் கை என்று அன்றைக்கு ஆனது.

பூசணிக்காய்க் கதையை அப்பா உன்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கமாட்டார். இரண்டாம் பிரிவில் தொடர்ந்து ஜெயித்துக்கொண்டே வந்தோமா, ஊர்க் கண்ணே நம் மேல்தான் என்று அப்பாவுக்கு ஒரு எண்ணம். ஆட்டத்தின் பாதி நேரத்தில் விசிலடித்ததும் தான் ஓட்டுகிற லாரிக்குச் சுற்றுகிற மாதிரியே கற்பூரம் ஏற்றிய பூசணிக்காயோடு உள்ளே போய், கோல் கம்பத்தைச் சுற்றிவிட்டுக் கோட்டிலேயே போட்டு உடைத்துவிட்டார். கூட்டிப் பெருக்குவதற்குள் ஆட்டம் ஆரம்பித்தாகிவிட்டது. உன் இடத்தில் இப்போது நிற்பவன் கார்த்திகேய சிவம், சாதுவான பையன், எளிதான பந்துதான், குனிந்து எடுக்கப் போனவன் விதையில் வழுக்கி உட்கார்ந்துவிட்டான், பந்து குங்குமச் சிவப்பாக உள்ளே உருண்டது. ரெப்ரி வந்து பார்த்துவிட்டு, "என்னய்யா இது, கிரவுண்டா, முச்சந்தியா?" என்று கேட்டார். தோற்றோம். அப்பா அன்றைக்கு வீட்டுக்கு வராமல் லாரியிலேயே படுத்துக்கொண்டார். மறுநாள் கூட்டத்தில் வசவு அப்பாவுக்கு விழுந்ததைவிட அந்தப் பையனுக்குத்தான் அதிகம், வேறு கீப்பரைப் போடணும் என்று பாதிப் பேர் குதித்தார்கள். அவன் கைகளைக் கட்டிக்கொண்டு புளியமரத்தடியில் நின்றான், கண்ணில் தண்ணீர். அப்போது யாரும் எதிர்பார்க்காமல் அப்பா எழுந்து, "வழுக்குனது அவன் காலு, உடச்சது என் கையி. அவன எடுக்குறதுன்னா என்னைய முதல்ல ஊரவிட்டுத் தள்ளி வைங்க" என்றார். கைகள் ஒவ்வொன்றாக மேலே போயின. அவனே நிற்கட்டும், பூசணிக்காய் இனிமேல் கரையோடு சரி என்று முடிவானது. எனக்கு அன்றைக்கு உன் அப்பாவை ரொம்பப் பிடித்திருந்தது, இதை அவரிடம் சொல்லிவிடாதே.

பிரிவு ஏறுவதற்கான கடைசி ஆட்டம் காரைக்குடியில், நம் வீட்டு மண்டகப்படியாக அமைந்தது. விடிவதற்கு முன்பே புளியோதரை கிண்டி வாழை இலையில் கட்டினேன். மஹாலட்சுமி எந்தக் கீப்பரைப் பார்த்தாலும் அண்ணே அண்ணே என்று கத்துகிறாள், எதிர் அணிக் கீப்பர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக் கையாட்டினான். நாம் ஒரு கோல் முன்னால் இருக்கும்போது, முடியப் போகிற நேரத்தில் அவர்களுக்குப் பெனால்டி. நான் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தேன், சோலையம்மாள் அக்கா என் தோளை நகத்தால் பிறாண்டிவிட்டார், இன்னும் தழும்பு இருக்கிறது. கார்த்திகேய சிவம் பாய்ந்து பந்தை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழவே மாட்டேன் என்று கிடந்தான். பிறகு நடந்தது எனக்குச் சரியாக ஞாபகமில்லை, எல்லாரும் எல்லாரையும் கட்டிப்பிடித்தார்கள், கருத்தையா மாமா தெரியாமல் எதிர் அணி மேனேஜரைத் தூக்கிவிட்டார். திரும்பி வரும்போது வேனுக்குள் யாரோ கப்பை யார் வீட்டில் வைப்பது என்று கேட்டார்கள், சோலையம்மாள் அக்கா, "கோவில் தேர யாரு வீட்டுலடா நிறுத்துவீக?" என்றார். கப்பு இப்போது வாரம் ஒரு வீட்டில் இருக்கிறது. நம் வீட்டில் இருந்தபோது அப்பா அதற்குத் திருநீறு பூசி வைத்திருந்தார்.

இனிமேல்தான் விஷயம். முதல் பிரிவென்றால் தூரத்து ஊர்களுக்கெல்லாம் வாராவாரம் போகவேண்டும், மண்டகப்படிக்காரர்களுக்குப் பாரம் கூடும். அப்பா லாரி ஓட்டுகிற மில்லின் முதலாளி உதயகுமார் ஐயா போன கூட்டத்துக்கு வந்தார். நல்ல மனிதர், குறை சொல்லமாட்டேன், குடும்பத்தோடு வந்து கரையில் நம்மோடு உட்கார்ந்துதான் ஆட்டம் பார்ப்பார். "எதுக்கு வீட்டுக்கு வீடு கஷ்டப்படுறீக? பஸ்ஸு நான் விடுறேன், கிரவுண்டுக்கு லைட்டு போடுறேன், பயலுகளுக்குச் சம்பளமே கொடுக்குறேன். பேர மட்டும் நம்ம அரிசி பேருக்கு மாத்திக்கிருவோம், மத்தத மேனேஜரு பாத்துக்கிருவாரு" என்றார். அதாவது வரி வேண்டாம், மண்டகப்படி வேண்டாம், கை தூக்கவும் வேண்டாம். விளையாடுகிற பையன்களில் பலபேருக்கு இதில் ஆசை இருக்கிறது, அதைத் தப்பென்று எப்படிச் சொல்வது, நல்ல பூட்ஸ் இல்லாமல் இரண்டுபேர் மாற்றி மாற்றி ஒரே ஜோடியைப் போடுகிறார்கள். கருத்தையா மாமாவும் களைத்துவிட்டார். எனக்கும் அந்த லைட் வெளிச்சத்தில் கண்மாய் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் அவரோடு வந்திருந்த அந்த மில் மேனேஜர் கூட்டம் முடிவதற்கு முன்பே கார்த்திகேய சிவத்திடம், "நீ ஒண்ணும் நெனச்சுக்காத தம்பி, மதுரையிலருந்து கீப்பர் பேசிட்டோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். அவன் சரிண்ணே என்று தலையாட்டினான். அவனை வைத்துக்கொள்வதா என்று கேட்டு ஊரே கை தூக்கியதே, அது இனிமேல் ஒருத்தர் வாய்ச்சொல்லில் போய்விடும்.

ஊர் சரிபாதியாக நிற்கிறது. வாசல் தெளிக்கும்போது யார் யாருக்குச் சிரிக்கிறார்கள் என்பதை வைத்தே எந்த வீடு எந்தப் பக்கம் என்று இப்போது சொல்லிவிடலாம். கிளப் நோட்டில் நம் வீட்டுக்கு உன் பேர்தான் இருக்கிறது, நீ சொல்லிவிட்டுப் போனபடி நம் வீட்டுக் கையை இத்தனை நாளும் அப்பாதான் தூக்கிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன், "அன்னிக்குத் தூத்துக்குடி லோடு இருக்கு" என்றார். லோடு திங்கட்கிழமைதான், எனக்குத் தெரியும். முதலாளி எதிரில் உட்கார்ந்திருக்கும்போது வேண்டாம் என்று தூக்க முடியாது, வேண்டும் என்று தூக்க மனசும் இல்லை, அவரைச் சொல்லியும் குற்றமில்லை. நீங்கள் தூக்காவிட்டால் நான் தூக்கவா, அதனால் உங்களுக்கு மில்லில் ஏதாவது வருமா என்று கேட்டேன். பீடியை அணைத்துக் காதில் சொருகிக்கொண்டார். அப்புறம், "மொதலாளி அப்புடிப்பட்டவர் இல்ல, ரெண்டு நாளு மூஞ்சியத் திருப்புவாரு. அதுக்காக எங்கிட்டக் கேக்காத. பேரு அவன் பேரு, கையி அவன் கையி. அவன் சொன்னா நான் குறுக்க வரமாட்டேன்" என்றார். இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றி எழுதியது எதற்கென்று உனக்கு இப்போது புரிந்திருக்கும், இருந்தாலும் மற்றதை எழுதிவிட்டுக் கேட்கிறேன், அதுவரை எனக்குக் கொஞ்சம் தைரியம் வரட்டும்.

ஏசி ரூமிலிருந்து நேராக வெயிலுக்குப் போகாதே, வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போ. பருப்புப் பொடியில் மிளகாய் கம்மியாகத்தான் போட்டிருக்கிறேன், நல்லெண்ணெய் அங்கே கிடைக்கும் என்று காளிராஜ் அண்ணன் சொன்னார். லீவு நாளில் பந்து விளையாடப் போகிறாயாமே, நல்லது, கட்டாயம் போ, ஆனால் முட்டிக்கு உறை போட்டுக்கொள், போன வருஷம் வீங்கியதை நீ மறைத்தாலும் வீடியோவில் நடக்கிறதைப் பார்த்தே கண்டுபிடித்தேன். பாஸ்போர்ட் தேதியை ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிடு. தொழில் விருத்தியாகி, நோய் நொடி அண்டாமல், நாலு பேர் உன்னைப் பார்த்துச் சந்தோஷப்படும்படி நீ இருக்க என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. உன்னைவிட ஒன்பது வயதுதான் மூத்தவள், ஆசீர்வாதம் பண்ண எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் பண்ணுகிறேன்.

பாண்டிமுருகா, ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக் கையை என்னிடம் கொடு. நான் தூக்கினால் கிளப்பைக் கொடுக்கக்கூடாது என்ற பக்கம்தான் தூக்குவேன், அதை உன்னிடம் மறைத்துக் கேட்கமாட்டேன். உனக்கு மனசு அங்குட்டு இருந்தால் கூச்சப்படாமல் வேறு யாரிடமாவது கொடுத்துவிடு, எனக்கு வருத்தமில்லை என்று சொல்லமாட்டேன், வருத்தமாகத்தான் இருக்கும், ஆனால் புரிந்துகொள்வேன். கொடுப்பதென்றால் சனிக்கிழமை சாயங்காலம் கருத்தையா மாமாவுக்கு ஒரு போன் போட்டு, நம் வீட்டுக் கை சித்தி கை என்று ஒரு வார்த்தை சொல். கடையில் ஆள் நிறைந்திருக்கிற நேரமாகப் பார்த்துச் சொல், சத்தமாகச் சொல், சொல்லியாகிவிட்டது என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால் அப்புறம் நான் வீட்டுக்குள் ஒளிந்துகொள்ள முடியாது.

இப்படிக்கு,
உன் சித்தி,
மா. காளீஸ்வரி