ஒட்டுக் கத்தியின் நிறம்

மார்ச் 3, ஞாயிறு

மடக்குக் கத்திகளுக்கு எண்ணெய் போடும் நாள். பழைய துணியைக் கட்டிலில் விரித்து எல்லாவற்றையும் திறந்து வைத்தேன். மூட்டுக்குள் சேர்ந்த தூசியைப் பல்குத்தும் குச்சியால் எடுத்துவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. இரண்டு தடவை திறந்து மூடி, துடைத்தால் தீர்ந்தது வேலை. அலகு டக்கென்று உள்ளே போய் உட்கார்கிற சத்தம் கேட்டால் எனக்கு மனசு நிறைந்துவிடும். சிலர் பூனை வளர்க்கிறார்கள், நான் கத்தி வளர்க்கிறேன்.

மகள் எட்டிப் பார்த்து, "அம்மா, அத்தை வரும்போது இப்படிக் கடை பரப்பி வைக்காதே" என்றாள். அத்தை என்பது மாப்பிள்ளையின் அம்மா. தன் பாத்திரக் கடையை விற்றுவிட்டார். புதன்கிழமை வந்து, ஒரு மாதம் என் அறையில் என்னோடு இருந்து பார்ப்பாராம். ஒத்துவரவில்லை என்றால் போவதற்கு ஒரு முதியோர் இல்லத்தில் சொல்லி வைத்திருக்கிறார். மகளுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. "ரெண்டு பேரும் சண்டை போடாம இருங்க, அது போதும்." நான் என்ன சண்டைக்கோழியா?

மார்ச் 6, புதன்

சம்பந்தி வந்துவிட்டார். ஒரே ஒரு பெட்டிதான். ஆனால் இரண்டாவது கட்டில் போட்டதும் அறைக்குள் பக்கவாட்டில்தான் நடக்க முடிகிறது. டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் குடிக்கிறார். அலமாரியில் பாதியை ஒழித்துக் கொடுத்தேன், ஒரு துணியைக்கூட எடுத்து வைக்கவில்லை. "இருக்கட்டும் சம்பந்தி. பெட்டியிலேயே இருந்தா எப்ப வேணாலும் கிளம்பலாம்ல?"

மார்ச் 9

குறட்டை விடுகிறார். நானும் விடுகிறேன் என்று மகள் சொல்கிறாள். நம்புவதற்கில்லை.

மார்ச் 14, வியாழன்

பல் டாக்டரிடம் போய்விட்டு வந்து பார்த்தால் என் கத்திகள் கட்டில் மேல் வரிசையாக, பளபளவென்று. பக்கத்தில் கம்பி நார், பாலிஷ் பசை. சம்பந்தி சிரித்த முகமாக, "சும்மாதானே இருக்கேன்னு தேய்ச்சு வச்சேன். எல்லாம் ஒரே கறை. இந்த ஒட்டுக் கத்திதான் என்னைப் பாடாப் படுத்திடுச்சு" என்கிறார்.

ஒட்டுக் கத்தி. நர்சரியில் நான் செடிகளுக்கு ஒட்டுக் கட்டிய காலமெல்லாம் கையில் இருந்தது. எத்தனை செடியின் பால், எத்தனை பழத்தின் சாறு பட்டு அலகில் அந்த நீலமும் சாம்பலுமான நிறம் ஏறியது? அது அழுக்கா? துரு ஏறாமல் காப்பாற்றுவதே அந்த நிறம்தான். சோப்புத் தண்ணீரில் வேறு முக்கி எடுத்திருக்கிறார், மூட்டெல்லாம் ஈரம். இப்போ அலகுல என் மூஞ்சி தெரியுது — யாருக்கு வேணும் என் மூஞ்சி?

"பாத்திரம் வேற, கத்தி வேற. உங்களை யாரு தொடச் சொன்னது?" என்று கேட்டே விட்டேன். அந்தம்மா முகம் சுண்டிப் போச்சு. போகட்டுமே. மாப்பிள்ளையின் ஹேர் டிரையரை எடுத்து ஒவ்வொரு மூட்டாகக் காய வைத்தேன்.

மார்ச் 15

பேச்சு இல்லை. மகள் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

மார்ச் 17, ஞாயிறு

சம்பந்தி பெட்டியைப் பூட்டி வாசல் பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டார். மாப்பிள்ளையிடம், "நாளைக்கு அந்த இல்லத்துக்கு ஒரு போன் போட்டுடுடா" என்றார். மகள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. என் அறை எனக்கே திரும்பக் கிடைக்கப் போகிறது, சந்தோஷப்பட வேண்டியதுதானே? வரலையே, என்ன செய்ய?

சாயங்காலம் ஒட்டுக் கத்தியைத் திறந்தால் நுனியில் செம்புள்ளி. துரு. எண்ணெய் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னாலதானே?" என்று பின்னாலிருந்து குரல்.

"ஆமா." பொய் சொல்ல வாய் வரவில்லை.

எதிர்க் கட்டிலில் உட்கார்ந்தார். "கடைல ஒரு பொட்டு கறை இருந்தாலும் யாரும் வாங்க மாட்டாங்க சம்பந்தி. மினுங்கினாத்தான் சுத்தம்னு எனக்குப் பழகிப்போச்சு. வந்ததுலேருந்து உங்க இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கேனே, ஏதாவது செய்யலாம்னு..." முடிக்கவில்லை. கத்தியை எட்டிப் பார்த்தார்.

"பழைய நிறம் இனிமே வரவே வராதா?"

"வரும். தினம் பழம் வெட்டணும், வெட்டித் துடைச்சு வைக்கணும். மெதுவாத்தான் வரும்."

எழுந்து போனார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். தட்டும் ஆப்பிளுமாகத் திரும்பி வந்தார்.

மார்ச் 18

போன் போடுவதா வேண்டாமா என்று மாப்பிள்ளை கேட்டார். "நிறம் வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் சம்பந்தி. பெட்டி கட்டிலுக்கு அடியில் போயிற்று. பூட்டு பூட்டியபடிதான் இருக்கிறது.

மார்ச் 24, ஞாயிறு

இருவருமாக எண்ணெய் போட்டோம். அவர் குச்சியால் தூசி எடுக்க, நான் சொட்டு விட்டேன். பாத்திரம் துலக்கிய கை, மூலை முடுக்கு விடாது. ஆனால் பழத்தை மட்டும் மரம் பிளப்பது மாதிரி வெட்டுகிறார். கட்டை விரலைப் பழத்தில் ஊன்றிச் சீவச் சொன்னேன். "நீங்க வாத்தியார் வேலைக்குப் போயிருக்கலாம், பிள்ளைங்க பயந்தே படிச்சிருக்கும்" என்றார். நன்றாகச் சிரித்தோம்.

வீடு முழுக்க நறுக்கிய பழம். மாப்பிள்ளை அலுவலகத்துக்கு டப்பா டப்பாவாக எடுத்துப் போகிறார். "இந்த வீட்ல சோறுன்னு ஒண்ணு இருந்துச்சே, ஞாபகம் இருக்கா?" என்று மகளிடம் கேட்கிறார்.

மார்ச் 27

வினிகரில் ஊறப் போட்டால் அலகு ஒரே நாளில் கறுத்துவிடும். எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

ஏப்ரல் 6, சனி

இன்றோடு ஒரு மாதம். காலையிலிருந்து அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. எனக்கு டீகூட இறங்கவில்லை.

மத்தியானம் வழக்கம்போல ஆப்பிள். அலகின் அடிப்பக்கம் லேசாக நீலம் தட்டியிருக்கிறது, நுனி இன்னும் வெள்ளைதான். மாப்பிள்ளை போனைப் பார்த்துக்கொண்டே என்னிடம், "அத்தை, வினிகர்ல போட்டா ஒரே நாள்ல நிறம் வந்துடுமாமே. எதுக்கு இவ்வளவு கஷ்டம்?" என்று போட்டு உடைத்தார். சம்பந்தி பக்கம் திரும்பவே இல்லை நான்.

அவர் தலை நிமிராமல் சீவிக்கொண்டே சொன்னார்: "இத்தனை வருஷம் பாத்திரக் கடையில நின்னவளுக்கு வினிகர் என்ன செய்யும்னு தெரியாதாடா? பேசாம சாப்பிடு."

நான் அடுத்த ஆப்பிளை அவர் பக்கம் தள்ளி வைத்தேன். வாங்கிக்கொண்டார். கத்தியைத் துடைத்துக்கொண்டே மகனிடம், "சாப்பிட்டதும் கட்டிலடியில இருக்கிற பெட்டியை எடுத்துப் பரண்ல போட்டுடு. துணியெல்லாம் அலமாரியில எடுத்து வச்சுட்டேன்" என்றார்.