முதுகுத் துடுப்போடு வந்த மீன்

ஃப்ரீமான்ட்
12-2-2001

அன்புள்ள கவினுக்கு அம்மா ஆசியோடு எழுதுவது. பெருமாள் கிருபையில் நானும் அப்பாவும் சுகம், நியூஜெர்ஸி குளிரில் தொண்டை கட்டாமல் நீயும் சுகமாயிருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே கோபித்துக்கொண்டு வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன், முழுதும் படி. உனக்குப் பார்க்கும் பெண்ணோடு, பக்கத்து ஊர் டப்ளின் திருமூர்த்தி வீட்டார் நேற்று வந்து போனார்கள். ப்ராஜெக்ட் முடிந்து நீ வேலையில்லாமல் பெஞ்சில் இருப்பதை அவர்களிடம் மூச்சு விடக்கூடாது என்றிருந்தாய், அதற்கு வருகிறேன், முதலில் மீன்.

உங்கப்பாவுக்கு மீன்பிடிப் பைத்தியம் முற்றிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நான் பிடித்த மீன்தான் குழம்பு என்று திருமூர்த்தியிடம் பெருமை பேசிவிட்டார். சனிக்கிழமை விடியவே, இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த வாஞ்சிநாதன் அங்கிள் வேனில் ரஷ்யன் ரிவருக்குப் போனோம். நான் புளிசாதம் கட்டிக்கொண்டு போய்க் கரையில் பாராயணம் பண்ணிக்கொண்டிருந்தேன். மதியத்துக்கு மேல் அப்பா தூண்டிலில் ஸ்டீல்ஹெட் மீன் ஒன்று மாட்டியது, என் கை நீளம், விளக்கிய வெள்ளிச் செம்பு போலப் பளபளப்பு. ஆனால் வாலுக்கு முன்னால் முதுகில் சின்னத் துடுப்பு முழுசாக இருந்தது. பண்ணையில் பொரிக்கும் குஞ்சுகளுக்கு அந்தத் துடுப்பை வெட்டித்தான் ஆற்றில் விடுவார்கள், அவற்றைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். துடுப்பு இருந்தால் ஆற்றிலேயே பிறந்து, கடலுக்குப் போய், முட்டையிடத் திரும்பியது, அந்த இனம் குறைந்துகொண்டே வருவதால் விட்டுவிட வேண்டும். ரூல் புத்தகத்தை டிக்ஷனரி வைத்து அப்பாவுக்குப் படித்துச் சொன்னதே நான்தான். அந்த நானே, ஓரத் தண்ணீரில் கிடந்ததைக் கண்டதும் முந்தானையால் அதன் வழவழப்பைத் துடைக்கப் போனேன், சட்டியில் கல்லுப்புப் போட்டுத் தேய்க்கிற கை அல்லவா. ஏ நாகு, அதத் தொடைக்காத, அந்தக் கொழகொழப்புப் போனா அதுக்குச் சீக்கு வந்துரும், கைய நனைக்காமத் தொடாத என்று அப்பா கத்தினார். அங்கிள் கத்தியை எடுத்துக்கொண்டு, ஏனுங் கோபாலு, இத்துனூண்டு துடுப்பு, ஒரு சீவு சீவுனா பண்ணை மீனாயிருது, நாளைக்குச் சம்பந்தி முன்னால வெறுங்குழம்பயா ஊத்துவீங்க என்றார்.

அப்பா தண்ணீருக்குள் வைத்தே தூண்டில் முள்ளை எடுத்து, நீரோட்டத்துக்கு எதிரே அதன் முகத்தைத் திருப்பி, முழங்கால் தண்ணீரில் பிடித்துக்கொண்டு நின்றார். அது அசையவேயில்லை. நான் தொட்டதால்தான் செத்துவிடுமோ என்று கோவிந்தா கோவிந்தா சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரே உதறு, அப்பா முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டுப் போய்விட்டது. அங்கிள் முகத்தைத் தூக்கிக்கொண்டு வேனைக் கிளப்பினார்.

நேற்று கத்தரிக்காய்க் குழம்புதான் வைத்தேன். என்னங், மீனு பல்டியடிச்சிருச்சா என்று திருமூர்த்தி சிரித்தார். அப்பா நடந்ததைச் சொன்னார், அங்கிள் கத்தி எடுத்ததை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டு. சொன்ன வேகத்தில், இன்னொன்னையும் மறைக்கறதுக்கில்லீங்க, பையனுக்கு இப்ப ப்ராஜெக்ட் இல்லீங்க என்று அதையும் சொல்லிவிட்டார். என் கையில் கரண்டி அப்படியே நின்றது. பெண்ணின் அம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், திருமூர்த்தி யோசிச்சுச் சொல்றோம் என்றார். அது நல்ல பதிலில்லை என்பது எனக்குத் தெரியாதா. ஆனால் புறப்படும்போது அந்தப் பெண் எழிலரசி பின்தங்கி, மீன் பிழைச்சிருக்குமா ஆன்ட்டி என்று கேட்டாள். போன வேகத்துக்குப் பிழைத்திருக்கும் கண்ணு என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டே, ஜாப் விஷயத்த உங்க பையனே கால் பண்ணிச் சொல்லியிருக்கலாம், இப்பவும் லேட் இல்ல என்று தன் நம்பரை எழுதிக் கொடுத்தாள். இதன் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

கோபத்தை என்மேல் காட்டு, அப்பாமேல் வேண்டாம், நேற்றிலிருந்து போன் அடித்தால் அவர் எடுப்பதில்லை, நீயோ என்று பயம். சனிக்கிழமை பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குப் போய்வா, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. பெருமாள் உன்னைக் கைவிட மாட்டார், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டால், அடுத்த மாதம் ப்ராஜெக்ட் வந்துவிடும் என்று வராததைச் சொல்லாதே. வேலை இல்லை என்பதை உன் வாயால் ஒருமுறை சொல், அவள் என்ன சொல்கிறாள் என்று கேள்.

உன் அம்மா
நாகரத்தினம்